கொள்ளுதலும் காட்டுதலும்: கணிதக் கற்றல் நோக்கவுரைகளின் மொழி குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கணிதம் கற்பித்தலில் கற்றல் நோக்கங்கள் தெளிவாக அமைய வேண்டும் என்பது கல்வியியலில் நெடுநாளாக வலியுறுத்தப்படும் கருத்து. அத்தெளிவு எதில் அடங்கியுள்ளது என்பதை இக்கட்டுரை தமிழ் நோக்கவுரைகளின் தொடரமைப்பைக் கொண்டு ஆராய்கிறது. தொழிற்பெயர் வடிவமும் ‘கொள்’ என்னும் துணைவினையும் நோக்கவுரையை எவ்வாறு மங்கச் செய்கின்றன என்பதும், புலப்படும் வினையைக் கூறிவிடுவதால் மட்டும் அக்குறை நீங்கிவிடாது என்பதும் பின்னக் கூட்டல், சார்பு, விகிதமுறா எண் ஆகிய பாடப்பொருள்களின்வழி எடுத்துக்காட்டப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: கற்றல் நோக்கம், கற்றல் விளைவு, தொழிற்பெயர், துணைவினை, கணிதக் கல்வி, பின்னங்கள், எண்சுவடி

1. முன்னுரை

ஒரு நூலைக் கற்கத் தொடங்குமுன் அந்நூல் எதைப் பற்றியது, அதனைக் கேட்கத்தக்கவர் யாவர், கேட்பதால் விளையும் பயன் யாது என்பவற்றை அறிவித்துவிட வேண்டும் என்பது தமிழ் நூல்மரபு. நன்னூல் சிறப்புப் பாயிரத்தின் இலக்கணமாகக் கூறும் எட்டனுள் நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய மூன்றும் இவ்வகையின. இன்றைய தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில் இயல்தோறும் முகப்பில் அச்சிடப்படும் ‘கற்றல் நோக்கங்கள்’ அல்லது ‘கற்றல் விளைவுகள்’ என்னும் பகுதி, செயலளவில், அவ்வியலின் பாயிரமாகவே நிற்கிறது. அப்பகுதியில் இடம்பெறும் தொடர் ஒவ்வொன்றும் இக்கட்டுரையில் ‘நோக்கவுரை’ எனப்படுகிறது.

இவ்வொப்புமையை அளவுகடந்து நீட்டுதல் முறையன்று. பாயிரம் கூறும் பயன் நூல் முழுமைக்கும் உரியது; ஒரு பாடவேளையின் முடிவில் மாணவர் செய்துகாட்ட வேண்டிய செயலை அது கூறுவதில்லை. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கல்வியியலின் கருத்துகள் நம் இலக்கண நூல்களிலேயே உள்ளன என நிறுவ முயல்வது இரு மரபுக்கும் நீதி செய்யாது. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. பாயிரம் பயனைக் கூறும்போதே கேட்போரையும் கூறுகிறது. இன்றைய நோக்கவுரையோ பயனை மட்டும் கூறி, அதனைப் பெறுதற்கு மாணவர் முன்னரே அறிந்திருக்க வேண்டியது யாது என்பதைக் கூறாது விடுகிறது. முன்னறிவை நினைவூட்டும் பகுதி இயலினுள் தனியே வருவதுண்டு. நோக்கவுரையோடு அது இணைக்கப்படுவதில்லை. கணிதத்தில் இவ்விடுபாடு சிறிதன்று. வரலாற்றுப் பாடத்தில் ஓர் இயலைத் தவறவிட்ட மாணவர் அடுத்த இயலை ஓரளவு தொடர இயலும். பின்னத்தைத் தவறவிட்டவர் விகிதத்தையும் இயற்கணிதத்தையும் தொடர்வது அரிது.

2. நோக்கவுரை வந்த வழி

கல்வி நோக்கங்களைப் பாடத்திட்ட உருவாக்கத்தின் முதற்படியாக நிறுத்தியவர்களுள் ரால்ஃப் டைலர் முதன்மையானவர். 1949இல் வெளிவந்த அவர் நூல், நோக்கம் ஒவ்வொன்றும் மாணவரிடம் வளர வேண்டிய நடத்தையையும் அந்நடத்தை செயற்படும் பாடப்பொருளையும் ஒருசேரச் சுட்ட வேண்டும் என்றது. 1956இல் பெஞ்சமின் புளூமும் அவர்தம் குழுவினரும் அறிவுசார் களத்தின் நோக்கங்களை ஆறு நிலைகளாக வகுத்தனர். 2001இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் அப்பகுப்பைத் திருத்தியபோது, பெயர்ச்சொற்களாக இருந்த நிலைகளை வினைச்சொற்களாக மாற்றினர். இவற்றுக்கிடையே 1962இல் ராபர்ட் மேகர் எழுதிய சிறுநூல்தான் ஆசிரியர் கல்வியில் ஆழ வேரூன்றியது. மாணவர் செய்யும் செயல், அச்செயல் நிகழும் சூழல், ஏற்கத்தக்க அளவு ஆகிய மூன்றும் ஒரு நோக்கவுரையில் இருத்தல் வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. ‘அறிதல்’, ‘புரிதல்’ போன்ற சொற்கள் பல பொருள்கொள்ள இடந்தருவன. ‘எழுதுதல்’, ‘அடையாளம் காணுதல்’ போன்றவை அவ்வாறல்ல என அவர் வேறுபடுத்தினார்.

இந்தியாவில் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு 2017இல் தொடக்கநிலை வகுப்புகளுக்கான கற்றல் விளைவுகளை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் நோக்கவுரைகள் இயல்தோறும் இடம்பெற்றன. 2022-23ஆம் கல்வியாண்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்பு மாணவர்களை அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் வைத்துக் கற்பிக்கிறது. பெயர்கள் அழகியவை. ஆனால் மொட்டு எந்நாளில் மலராயிற்று என்பதை ஆசிரியர் அறிவதற்குரிய அளவு, பெயரில் இல்லை. நோக்கவுரையில்தான் இருக்க முடியும்.

கலைச்சொல் நிலையிலும் ஒரு குழப்பம் உள்ளது. நோக்கம், குறிக்கோள், இலக்கு, விளைவு, அடைவு ஆகிய சொற்கள் கல்வியியல் நூல்களில் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வழங்குகின்றன. நோக்கம் செயலுக்கு முன் நிற்பது. விளைவு செயலுக்குப் பின் நிற்பது. ஒரு வகுப்பு நூலில் ‘நோக்கங்கள்’ என்றும் மற்றொரு வகுப்பு நூலில் ‘விளைவுகள்’ என்றும் தலைப்பு மாறினும் அதன்கீழ் வரும் தொடர்களின் வடிவம் மாறுவதில்லை. முன்னும் பின்னும் ஒரே தொடரால் கூறப்படுமாயின், அத்தொடரில் காலம் இல்லை என்பது பொருள்.

3. தொழிற்பெயரின் மறைப்பு

காலம் இல்லை என்பது இலக்கண உண்மையுமாகும். தமிழ் நோக்கவுரைகள் பெரும்பாலும் ‘-தல்’, ‘-அல்’ ஈற்றுத் தொழிற்பெயர்களாக முடிகின்றன. இத்தொழிற்பெயர் ஒரு வினையின் பெயராக நிற்பது, எண், பால், காலம் காட்டாதது, படர்க்கைக்கே உரியது. ஆங்கிலத்தில் இவ்விடத்து வரும் வினைவடிவத்துக்கு நேரான தமிழ் வடிவம் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சம். அது தன்னளவில் நில்லாது முற்றை அவாவி நிற்கும். ஆதலால் பட்டியலாக எழுத வேண்டிய இடத்தில் பாடநூலாசிரியர் தொழிற்பெயரைத் தேர்ந்ததில் வியப்பில்லை. ஆனால் அத்தேர்வுக்கு ஒரு விலை உண்டு.

‘வேற்றினப் பின்னங்களைக் கூட்டுதல்’ என்னும் தொடரைக் கருதலாம். இது நோக்கவுரையாக இருக்கலாம். இயலின் உட்தலைப்பாக இருக்கலாம். ஆசிரியர் கரும்பலகையில் செய்துகாட்டப்போகும் செயலின் பெயராகவும் இருக்கலாம். எங்கு வைத்தாலும் அத்தொடர் பொருந்தும். எழுவாய் இல்லாமையால் கூட்டுபவர் யார் என்பது தெரியவில்லை. முற்று இல்லாமையால் எப்போது கூட்டி முடிப்பர் என்பது தெரியவில்லை. எல்லா இடத்துக்கும் பொருந்தும் நோக்கவுரை எதனையும் நோக்குவதில்லை. பாடநூலின் உட்தலைப்புகளைத் திரட்டி ஒவ்வொன்றன் இறுதியிலும் ‘அறிதல்’ என்று சேர்த்துவிட்டால் நோக்கங்களின் பட்டியல் உருவாகிவிடும் என்னும் நிலை இதனால் ஏற்படுகிறது. ஆசிரியர்களின் பாடக்குறிப்பேடுகளில் இப்பழக்கம் புதியதன்று.

இங்குக் குறை மொழியினுடையது என்று கொள்ளுதல் தவறு. செயலைச் செய்பவரையும் செய்விப்பவரையும் வினையடியிலேயே பிரித்துக் காட்டும் வசதி தமிழுக்கு உண்டு. கற்றல், கற்பித்தல், அறிதல், அறிவித்தல், தெளிதல், தெளிவித்தல் எனத் தன்வினையும் பிறவினையும் வடிவாலேயே வேறுபடுகின்றன. எனவே மாணவருக்குரிய பட்டியலில் ‘அறிமுகப்படுத்துதல்’, ‘உணர்த்துதல்’ போன்ற சொற்கள் நுழையுமாயின், அது ஆசிரியரின் செயலே என்பதை இலக்கணம் அறிந்த எவரும் உடனே காட்டிவிடலாம். கற்றல் நோக்கத்தையும் கற்பித்தல் நோக்கத்தையும் பிரித்தறிவதற்குக் கல்வியியல் நூல்கள் பல பக்கங்களைச் செலவிடுகின்றன. தமிழாசிரியரின் உதவி நாடப்பட்டிருந்தால் அப்பக்கங்களுள் சில மிஞ்சியிருக்கும்.

4. கொள்ளும் வினையும் காட்டும் வினையும்

நோக்கவுரைகளில் அடிக்கடி வரும் சொற்கள் அறிந்துகொள்ளுதல், தெரிந்துகொள்ளுதல், புரிந்துகொள்ளுதல் என்பன. மூன்றிலும் ‘கொள்’ துணைவினையாக நிற்கிறது. வினையின் பயன் வினைமுதலையே சார்கிறது என்னும் பொருளை இத்துணைவினை தருகிறது. புரிந்துகொண்டவருக்கே அப்புரிதல் உரியது. அருகிலிருப்பவர் அதனைக் காண இயலாது. இதற்கு மறுதலையாக நிற்பது ‘காட்டு’ என்னும் துணைவினை. வரைந்து காட்டுதல், செய்து காட்டுதல், விளக்கிக் காட்டுதல் என்னும் வழக்குகளில் காண்பவர் ஒருவர் உண்டு என்பது வினையிலேயே அடங்கியுள்ளது. மேகர் பல பக்கங்களில் விளக்க முயன்ற வேறுபாடு, தமிழில் இவ்விரு துணைவினைகளின் வேறுபாடாகவே அமைந்துள்ளது எனலாம்.

பத்தாம் வகுப்புக் கணித நூலின் முதல் இயல் உறவுகளும் சார்புகளும் பற்றியது. அதன் முகப்பில் வரும் விளைவுகளுள் கார்ட்டீசியன் பெருக்கலை வரையறுப்பது, சார்புகளை வகைப்படுத்துவது ஆகியவை காட்டும் வினைகள். சார்பு என்பது தனிவகை உறவு என்பதைப் புரிந்துகொள்வது கொள்ளும் வினை. வரையறுத்தலையும் வகைப்படுத்தலையும் தேர்வில் வினவ இயலும், வினவப்படுகின்றன. புரிந்துகொள்ளுதல் வினவப்படாமல் எஞ்சுகிறது. ஆனால் மூன்றனுள் அடிப்படையானது அதுவே.

இதனைக் காட்டும் வினையாக மாற்ற இயலாதா? இயலும். ஆதிப்புள்ளியை மையமாகவும் 5 அலகை ஆரமாகவும் கொண்ட வட்டத்தை மாணவரிடம் கொடுத்து, இது ஏன் சார்பின் வரைபடம் ஆகாது எனக் கேட்கலாம். குத்துக்கோட்டுச் சோதனையை மனப்பாடமாக வைத்திருக்கும் மாணவர் ஒரு குத்துக்கோட்டை வரைந்து, அது வட்டத்தை இரு புள்ளிகளில் வெட்டுகிறது என்பார். அதனோடு நிறுத்தாமல், ‘அவ்வாறு இரு புள்ளிகளில் வெட்டினால் என்ன கெட்டது?’ என்று வினவினால்தான் சார்பின் வரையறை வெளிப்படும். கிடையச்சின் 3 என்னும் ஓர் எண்ணுக்கு 4, −4 என்னும் இரண்டு எண்கள் உரியனவாகின்றன. சார்பு என்றால் ஒன்றே உரியதாதல் வேண்டும் என்று கூறும் மாணவர், புரிந்துகொண்டதைக் காட்டிவிட்டார். ஆகவே புரிதலைக் காட்டும் வினையாக மாற்ற இயலாது என்பது உண்மையன்று. ‘புரிந்துகொள்ளுதல்’ என்று எழுதி நிறுத்திவிடுவது எளிது என்பதே உண்மை.

5. காட்டுதல் போதுமா? பென்னியின் சான்று

நோக்கங்கள் அனைத்தையும் காட்டும் வினைகளாக எழுதிவிட்டால் கணிதக் கற்பித்தல் செம்மையுறும் என்று இதுகாறும் கூறியவற்றிலிருந்து முடிவு செய்யத் தோன்றும். அம்முடிவைத் தடுப்பது கணிதக் கல்வியின் ஆய்வு வரலாற்றில் பெரிதும் பேசப்படும் ஒரு சிறுவனின் சான்று. ஸ்டான்லி எர்ல்வாங்கர் 1973இல் வெளியிட்ட கட்டுரை அமெரிக்காவில் ஆறாம் வகுப்பு பயின்ற, 12 வயதுடைய பென்னி என்னும் மாணவனைப் பற்றியது. அவன் பயின்ற பாடத்திட்டம் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் உருவானது. கணிதம் முழுவதும் சிறுசிறு நடத்தை நோக்கங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் பயிற்சி ஏடுகளை முடிப்பர். விடைக்குறிப்போடு ஒப்பிட்டுத் திருத்தம் செய்யப்படும். தேர்வில் 80 விழுக்காடு பெற்றால் அடுத்த நோக்கத்துக்குச் செல்லலாம். மேகர் கூறிய செயல், சூழல், அளவு என்னும் மூன்று உறுப்புகளும் குறைவின்றி அமைந்த திட்டம் அது. பென்னி அத்திட்டத்தில் நன்கு முன்னேறும் மாணவனாகவே ஆசிரியரால் கருதப்பட்டான்.

எர்ல்வாங்கர் அவனோடு உரையாடியபோது வெளிப்பட்டது வேறு. 2/10 என்னும் பின்னத்தைத் தசமமாக எழுதச் சொன்னால் 1.2 என்றான். 5/10 அவனுக்கு 1.5. தொகுதியையும் பகுதியையும் கூட்டிப் புள்ளியிடுவது அவன் விதி. அவ்விதிப்படி 4/11, 11/4 ஆகிய இரண்டும் 1.5 ஆயின, அவ்வாறு வருவதில் அவனுக்கு முரண் எதுவும் தோன்றவில்லை. 0.3, 0.4 இரண்டையும் கூட்டினால் 0.07 என்றான், இரு எண்களிலும் புள்ளிக்குப் பின் ஒவ்வோர் இலக்கம் இருப்பதால் விடையில் இரண்டு இலக்கம் வேண்டும் என்பது அவன் காரணம். பெருக்கலுக்குரிய விதி கூட்டலுக்கு வந்துவிட்டது. இவற்றினும் கவலைக்குரியது கணிதத்தைப் பற்றி அவன் கொண்டிருந்த கருத்து. விதிகள் யாரோ ஓர் அறிவாளி உருவாக்கியவை. ஒரே வினாவுக்குப் பல விடைகள் பொருந்தும். அவற்றுள் விடைக்குறிப்பில் உள்ளதைக் கண்டுபிடிப்பதே மாணவர் வேலை என்று அவன் நம்பினான்.

பென்னி ஏமாற்றவில்லை. சோம்பலும் இல்லை. விடைகளை ஒப்பிட்டு, மாறுபட்டவற்றைக் கொண்டு தனக்கென விதிகளை ஆக்கிய அறிவுடைய மாணவன் அவன். நோக்கங்கள் தெளிவாக இருந்தன, அவற்றை அவன் காட்டினான், அளவுகோல் நிறைவுற்றது, கணிதம் மட்டும் அங்கு இல்லை. ரிச்சர்டு ஸ்கெம்ப் 1976இல் தொடர்புசார் புரிதல், கருவிசார் புரிதல் எனப் பிரித்த வேறுபாட்டுக்குப் பென்னியைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. விதியைக் கையாளத் தெரிவது ஒன்று, அவ்விதி ஏன் செல்லும் என்பதை அறிவது மற்றொன்று.

இங்கு அளவுகோல் பற்றியும் ஒன்று கூற வேண்டும். பத்துக் கணக்குகளில் எட்டுச் சரி என்பது எண்ணிக்கை அளவு. பத்தும் ஒரே வகையினவாக இருந்தால் அவ்வெண்ணிக்கை ஒரு வழிமுறையின் பழக்கத்தை மட்டுமே அளக்கும். வேற்றினப் பின்னக் கூட்டலில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட மூன்று நிலைகள் உள்ளன. ஒரு பகுதி மற்றொன்றின் மடங்காக வருவது, 1/2 + 1/4 போல. பகுதிகள் பொதுக்காரணி இன்றி வருவது, 1/2 + 1/3 போல. பொதுக்காரணியோடு வருவது, 5/6 + 3/8 போல. மூன்றாவதில் பகுதிகளைப் பெருக்கி 48 எனக் கொண்டாலும் விடை வரும். 24 போதும் என்று காணும்போதுதான் மீச்சிறு பொது மடங்கின் தேவை விளங்கும். ஒரே வகையில் பத்துக் கணக்குகளைவிட வகைக்கு ஒன்றாக மூன்று கணக்குகள் ஆசிரியருக்குக் கூடுதலாகக் கூறும். அவ்விரண்டு தவறுகள் எவை என்பதை 80 விழுக்காடு என்னும் எண் கூறுவதில்லை. பென்னியைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டியவை அவையே.

6. மாகாணி என்னும் சொல்

பின்னக் கூட்டலைத் தமிழ்வழிக் கற்பிப்பதில் ஒரு தனி வாய்ப்பு உள்ளது. பழந்தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் மா என்பது 1/20. காணி என்பது 1/80. முந்திரி என்பது 1/320. மாகாணி என்பது 1/16. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. அதாவது 1/20 + 1/80 என்னும் வேற்றினப் பின்னக் கூட்டல் அச்சொல்லிலேயே உள்ளது. சொல்லின் பொருள் அக்கூட்டலின் விடை. ஒரு காணியில் நான்கு முந்திரி. ஒரு மாவில் பதினாறு முந்திரி. மாகாணியில் இருபது முந்திரி. 320இல் 20 என்பது 1/16. பொதுப் பகுதி காணுதல் என்று பாடநூல் கூறும் செயல், ஒரே சிற்றலகால் இரண்டையும் எண்ணுதல் என்பதாக இங்கு விளங்கிவிடுகிறது. பகுதிகளைக் கூட்டக்கூடாது என்னும் தடைவிதி தேவைப்படுவதில்லை. மாவையும் காணியையும் எண்ணுபவர் இருபதையும் எண்பதையும் கூட்ட நினைக்கமாட்டார்.

திண்ணைப் பள்ளிகளில் இவ்வாய்பாடுகள் எண்சுவடி வழியாகப் பயிலப்பட்டன. நினைவாற்றலை மையமாகக் கொண்ட அப்பயிற்சியை வெற்று மனப்பாடம் என ஒதுக்குவது நெடுநாள் வழக்கம். தமிழ்த் திண்ணைப் பள்ளிகளின் கணிதத்தை ஆராய்ந்த து. செந்தில்பாபு, அங்கு நினைவே ஒரு கற்றல் முறையாக இயங்கியது என்றும் கணக்குத் தீர்த்தலோடு அது இணைந்திருந்தது என்றும் காட்டியுள்ளார். நெல்லளவும் நிலவளவும் பொன்னளவும் சூழ்ந்த உலகில் அப்பயிற்சியின் நோக்கம் எழுதப்படாமலே தெளிவாக இருந்தது. களத்தில் அளப்பவருக்கும் கணக்கெழுதுபவருக்கும் பயன் எதிரிலேயே நின்றது. அவ்வுலகம் இன்று இல்லை. ஆறாம் வகுப்பு மாணவருக்கு முந்திரி என்பது தின்னும் பொருள். எனவே எண்சுவடியை வகுப்பறைக்கு மீட்டுக் கொணர வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அவ்வாய்பாட்டுக்கும் எல்லை உண்டு: 320 மூன்றால் மீதியின்றி வகுபடாது, ஆதலால் 1/3ஐ முந்திரிகளால் முழுமையாக எண்ண இயலாது. ஆனால் அவ்வெல்லையே நல்லதொரு வினா. மாகாணியை முந்திரியால் எண்ணத் தெரிந்த மாணவரிடம், அரையையும் மூன்றிலொன்றையும் எண்ணுவதற்கு எத்தகைய சிற்றலகு வேண்டும் எனக் கேட்டால், ஆறிலொன்று என்னும் விடைக்கு அவர் தாமே வருவதற்கு வழியுண்டு.

7. நோக்கவுரையைத் திருத்தி எழுதுதல்

மேற்கூறியவற்றைக் கொண்டு பின்னக் கூட்டலுக்கான நோக்கவுரையைப் பின்வருமாறு எழுதலாம்: ‘ஓரினப் பின்னங்களைக் கூட்டத் தெரிந்த மாணவர், வேற்றினப் பின்னங்கள் இரண்டன் கூடுதல் 1ஐவிடப் பெரிதா சிறிதா என்பதைக் கணக்கிடுமுன் காரணத்தோடு கூறுவார்; கூடுதலைக் கண்டு எண்கோட்டில் காட்டுவார்; 1/2 + 1/3 = 2/5 என்னும் விடை ஏன் பொருந்தாது என விளக்குவார்.’ இங்கு முதலில் வருவது கேட்போர். பின்வரும் முற்றுவினைகளில் எதிர்காலமும் படர்க்கையும் உள்ளன. மூன்றாவது உறுப்பு மேகரிடம் இல்லாதது. ஏற்கத்தகாத விடை எது என்பதையும் அதனை மாணவரே மறுக்க வேண்டும் என்பதையும் அது கூறுகிறது. 2/5 என்பது 1/2ஐவிடச் சிறிது. அரையோடு ஒன்றைச் சேர்த்து அரையைவிடக் குறைவாகப் பெறுவது எங்ஙனம் என்று கேட்கத் தெரிந்த மாணவர், விடைக்குறிப்பை நம்பி வாழ்பவர் அல்லர்.

நிறுவல்களுக்கும் இது பொருந்தும். 2இன் வர்க்கமூலம் விகிதமுறா எண் என நிறுவுதல் பள்ளிக் கணிதத்தின் பழகிய பகுதி. ‘நிறுவுதல்’ காட்டும் வினையே. ஆயினும் வரிவரியாக மனப்பாடம் செய்தவரும் நிறுவிவிடுவார். அதே படிகளை 4இன் வர்க்கமூலத்துக்குச் செய்து, நிறுவல் எந்த வரியில் உடைகிறது என்று காட்டச் சொன்னால் நிலை மாறும். தொகுதியின் வர்க்கம் பகுதியின் வர்க்கத்தைப் போல் நான்கு மடங்கு. ஆகவே தொகுதி இரட்டை எண் என்பதுவரை தடையில்லை. அதன்பின், முன்னர்ப் பகுதியும் இரட்டை எண் என்று வந்த இடத்தில், இம்முறை தொகுதியின் பாதி பகுதிக்குச் சமம் என்று மட்டுமே வருகிறது. முரண் பிறப்பதில்லை. அந்த வரியைச் சுட்டத் தெரிந்தவருக்கு நிறுவல் தெரியும்.

இத்தகைய நோக்கவுரைகள் நீளமானவை. ஓர் இயலுக்கு எட்டோ பத்தோ எழுத இயலாது. எழுதவும் வேண்டியதில்லை. மூன்று போதும். பட்டியல் நீள நீள ஒவ்வொன்றும் ஒரு பாடவேளையில் முடித்துக் குறியிட வேண்டிய கடமையாகச் சுருங்குகிறது. கல்வி நோக்கங்கள் உதவியா தடையா என்று எலியட் ஐஸ்னர் 1967இலேயே எழுப்பிய வினாவில் இவ்வச்சமும் உண்டு. 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பின் கணிதக் குழு, கணிதக் கல்விக்குக் குறுகிய நோக்கம், உயர் நோக்கம் என இரண்டு உண்டு என்று கூறி, குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே முதன்மையானது என்றது. அவ்வுயர் நோக்கத்தைப் பாடவேளைக்கு ஒன்றாகப் பகுத்து எழுத இயலாது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் 2/5ஐ மறுக்கும் மாணவர் அதன் ஒரு பகுதியைச் செய்துகாட்டிவிடுகிறார் என்பதையும் மறுக்க இயலாது.

நோக்கவுரையை யாருக்கு, எங்கே அச்சிடுவது என்பது எஞ்சும் வினா. முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180° என்பதை மாணவர் காகித முக்கோணத்தின் மூலைகளைக் கிழித்து ஒட்டிக் கண்டறியும் செயற்பாடு பல வகுப்பறைகளில் நிகழ்வது. அவ்வியலின் முகப்பிலேயே ‘கூடுதல் 180° என அறிதல்’ என்று அச்சிட்டுவிட்டால், கிழிப்பதற்கு முன்னரே விடை வந்துவிடுகிறது, கண்டறிதல் சடங்காகிறது. தெளிவான நோக்கம் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட விடை என்றாகிவிடக் கூடாது. மாணவர் நூலின் முகப்பில், வெவ்வேறு வடிவிலான மூன்று முக்கோணங்களை வரைந்து, ‘இவற்றுள் எதன் கோணங்களின் கூடுதல் பெரிது?’ என்னும் வினா நிற்கட்டும். மாணவர் எதைக் கூறுவார், எதை வரைந்து காட்டுவார், ஐந்து முக்கோணங்களைக் கிழித்துப் பார்த்ததற்கும் எல்லா முக்கோணங்களுக்கும் நிறுவியதற்கும் உள்ள வேறுபாட்டை எவ்வாறு விளக்குவார் என்னும் முற்றுவினைத் தொடர்கள் ஆசிரியர் கையேட்டில் இருக்கட்டும்.